ஊந்தல் கட்டும் நேரம்

என் அக்கா பிரமு கல்யாணமே செய்துகொள்ளாதவள். ஐம்பத்தொன்பதாவது வயதில், ஒரு ஆவணி மாதத்துச் சாயங்காலம், அவள் தன் புருஷனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள்.

நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, விளக்குப் போடாமல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தலையில் முந்தானை. வாசற்படி ஓரத்தில் சொம்பு நிறையத் தண்ணீர். பாளையங்கோட்டையில் ஒரு தலைமுறைப் பெண்பிள்ளைகளின் காதைத் திருகிக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பிரம்மநாயகி டீச்சர், புதுப்பெண் போல நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, கரண்டு இல்லையா?" என்றேன்.

அவள் கழுத்துச் சங்கிலியில் டாலர் மாதிரித் தொங்கும் ஒலிப்பான் பேசியது. "ஊந்தல் கட்டிருச்சு. இன்னும் அவுகளக் காணோம்."

எனக்குச் சட்டென்று உறைத்தவை இரண்டு. 'ஊந்தல்' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. அடுத்தது, எங்கள் திருநெல்வேலி வாய் 'அவுகளக் காணோம்' என்று சொல்லாது. 'அவியளக் காணல' என்றுதான் வரும். அக்காவின் பேச்சில் யாரோ வெளியூர்க்காரி இருந்தாள்.

"யாரைக்கா தேடுத?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உள்ள வந்து உக்காருங்க. அவுக இப்ப வந்துருவாக" என்றாள். பிறந்ததிலிருந்து என்னை அவள் 'வாங்க, போங்க' என்று பேசியதில்லை. நான் பயந்துபோய் டியூப்லைட்டைப் போட்டேன். வெளிச்சம் வந்ததும் முந்தானை தானாகத் தலையிலிருந்து இறங்கியது. "ஏட்டி, எப்ப வந்த? என்னத்துக்கு இப்படி முழிக்க?" என்று அக்கா பழைய அதட்டலில் கேட்டாள்.

சொம்புத் தண்ணீரை யார் வைத்தது என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

இந்த இடத்தில் பொட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அக்காவுக்குப் பக்கவாதம் வந்து கை கால் மீண்டது, பேச்சு மீளவில்லை. அவளைப் போன்றவர்களுக்காக வந்ததுதான் இந்தப் பொட்டு. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் காலணா அகலத் தகடு. மனதில் சொல்ல நினைப்பதன் தடத்தை மூளையிலிருந்து எடுத்து, எந்தச் சொல்லோடு பொருந்துகிறது என்று பார்த்து, ஒலிப்பான் வழியாகப் பேசும். தயாரித்தவர்கள் நீளமாக ஒரு பெயர் வைத்தார்கள். ஜனங்கள் அதைச் சீந்தவே இல்லை, பொட்டு என்றே கூப்பிட்டார்கள். தமிழ்நாடு முழுக்க எத்தனையோ ஊமை வீடுகளுக்கு அது திரும்பவும் சண்டை போடும் சத்தத்தைக் கொடுத்தது.

அந்தப் பொட்டுக்குள் இருக்கும் அகராதியைத் தொகுக்கிற நாவகம் என்ற நிறுவனத்தில் எனக்கு வேலை. சொல் சேர்க்கும் பிரிவில் புகழ் உண்டு, விழா உண்டு, பொன்னாடை உண்டு. நான் சொல் நீக்கும் பிரிவு. இல்லாத சொற்கள் அகராதிக்குள் எப்படியாவது நுழைந்துவிடும். அவற்றைப் பேய்ச்சொல் என்போம். மில்லில் ஒரு எந்திர உறுப்பைக் காட்டி இதற்கு என்ன பெயர் என்று சேகரிப்பாளர் கேட்டிருக்கிறார். அந்த நேரம் அதில் கை நசுங்கிய தொழிலாளி வலியில் கெட்ட வார்த்தை சொல்லி வைத்தார். அது ஒரு வருஷம் உறுப்பின் பெயராக அகராதியில் இருந்தது. 'ராஜேசு: வெள்ளாட்டு வகை' என்று ஒரு பதிவு. விசாரித்தால், ஒரு பெண் தன் ஆட்டுக்கு வைத்த பெயர். இதையெல்லாம் தேடிப் பிடித்துக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதுதான் என் பிழைப்பு.

மறுநாள் போய் முதல் வேலையாக அகராதியைத் திறந்தேன். இருந்தது. 'ஊந்தல்: பெயர்ச்சொல். ஒளியின்மை, பொழுது இறங்கியபின் விளக்கு ஏற்றும் வரை உள்ள நிலை. வட்டார வழக்கு.' வேறு எந்த அகராதியிலும், எந்தப் பேச்சுப் பதிவிலும் அது கிடையாது. பேய்ச்சொல்லுக்கு உரிய லட்சணம் எல்லாம் பொருந்தியிருந்தது.

தடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெபசிங் தூத்துக்குடிக்காரர். என்னைவிடச் சின்னவர், எதற்கும் அசையாதவர். நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"உங்க வீட்டுலயுமா யக்கா?" என்றார். "ஒரு வாரமா இதான் புகாரு. கரூர்ல ஒரு காலேஜ் புள்ள, விபத்துல பேச்சு போனது. பொழுதிறங்குனா தலையில துணியப் போட்டுட்டுக் கதவுக்குப் பின்னால நிக்குதாம். வீட்டுல வேப்பிலை அடிச்சிருக்காவ. சேலத்துல ஒரு ரிட்டயர்டு இன்ஸ்பெக்டரு. பெரிய மீசைக்காரரு. அவரும் துண்டத் தலையில போட்டுட்டு நிக்காரு யக்கா. எல்லாரும் ஒரே ஆளுக்குத்தான் காத்துட்டு நிக்காவ."

"எல்லாரும் இந்தச் சொல்லைச் சொன்னவங்களா?"

"சொன்னவிய மட்டுந்தான். இன்னொண்ணு கேளுங்க. எல்லாரும் சொல்லுத சாதாரணச் சொல்லு ஒண்ணு இருக்குல்லா, அது அவியளுக்கு வர மாட்டேங்குது. விளக்க அமத்தி 'இது என்ன'ன்னு கேட்டுப் பாத்தோம். ஒண்ணு ஊந்தல்ங்காவ, இல்ல வாயப் பொத்திக்கிடுதாவ."

"எப்படி ஜெபசிங் இது நடக்கும்? சொல்லு சொல்லுதானே? அதுக்குள்ள ஆள் எப்படி வந்தாரு?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தண்ணின்னு ஒரு சொல்லு. ஒருத்திக்கு அது குழாயடிச் சண்ட. இன்னொருத்தனுக்குக் குளத்துல முங்கிச் செத்த தம்பி. நாம ஆயிரம் பேருக்குத் தலையில தொப்பி மாட்டித் தடத்த எடுத்து ஒண்ணாக் கலக்கும்போது அந்தச் சண்டையும் தம்பியும் கரைஞ்சு வெறும் தண்ணிதான் மிஞ்சும். இந்த ஊந்தல்ல கலக்க ஆளு இல்ல. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரே ஒரு பொம்பள சொல்லியிருக்காவ. அவிய மனசுல என்ன கிடந்ததோ அது வடிகட்டாம அப்படியே கிடக்கு."

"சரி, கிடக்கட்டும். இவங்களுக்குள்ள எப்படிப் போச்சு?"

"பொட்டு பேசிட்டுச் சும்மா இருக்காதுல்லா. பட்டுப்போன மூளையப் பழக்கணும்னு ஒவ்வொரு சொல்லோட தடத்தையும் திருப்பி ஊட்டும். வெறும் தண்ணிய ஊட்டுனா ஒண்ணும் ஆகாது. இதுல ஒவ்வொரு தடவையும் அந்தப் பொம்பள மனசு ஒரு கரண்டி உள்ள இறங்குது. ஒரு தடவை இறங்கிட்டா அந்த இடம் பள்ளமாயிரும். அடுத்த தடவை தண்ணி அங்கதான் போவும்."

அன்றைக்கே நீக்கியிருக்கலாம். ஆனால் எங்கள் ஆசிரியர் திருமலைக்கொழுந்து ஐயாவின் கையெழுத்து வேண்டும். 'ஒரு வாய் விதி' என்பதை உண்டாக்கியவர் அவர். பெரிய அகராதிகள் நாலு பேர் சொன்னால்தான் ஒரு சொல்லை ஏற்கும். அவரோ, ஒருவர் வாயில் இருந்தாலும் அது சொல், அந்த ஒருவர் போய்விட்டால் அதுவும் போய்விடும், ஆகையால் சேர் என்பார். அந்த விதிக்காகவே நான் அவரைக் கும்பிட்ட காலம் உண்டு.

"பேய்ச்சொல்லுன்னு எப்படிம்மா சொல்லுத?" என்றார். "ஒரு வாய்க்கே இடம் கொடுத்தவன் நான். இப்ப ஊரூரா எத்தனை வாய் சொல்லுது. இன்னைத் தேதிக்கு அது நல்ல உயிருள்ள சொல்லு."

"ஐயா, ஓசூர்ல ஒருத்தர் பொழுதிறங்கின நேரம் பைபாஸ் ரோட்டுல போய் நின்னுருக்காரு. தண்ணி லாரி வருதான்னு பார்க்கணும்னாராம். வண்டி மோதி இடுப்பு உடைஞ்சு படுத்திருக்காரு. எங்க அக்கா சாயங்காலமானா என்னை யாருன்னு கேக்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "எடுத்துரு. ஆனா அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடு" என்று கையெழுத்துப் போட்டார்.

சீனியம்மாள் அருப்புக்கோட்டை பைபாஸில், மின்சார வண்டிகள் சார்ஜ் ஏற்றும் நிலையத்தின் கேன்டீனில் வடை போடுகிறாள். அறுபதை ஒட்டிய வயது, நல்ல உயரம், காதில் சின்னக் கம்மல். வண்டிகள் வரிசையாகச் சத்தமில்லாமல் நின்றிருந்தன. நாவகத்திலிருந்து வருகிறேன் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"தொப்பி மாட்டிப் பேசச் சொன்னாகளே, அந்த ஆபீசா? டிபன் கேரியர் குடுத்தீக. நல்லா இருக்கும்மா, இன்னும் வச்சிருக்கேன்."

"அன்னிக்கு ஊந்தல்னு ஒரு சொல்லு சொன்னீங்களே. உங்க ஊர்ல யாரெல்லாம் அதைச் சொல்லுவாங்க?"

"யாரும் சொல்ல மாட்டாக. நான் மட்டுந்தேன்."

"உங்க அம்மா?"

"எங்காத்தா ஊரு சொல்றதத்தேன் சொல்லும். கல்யாணத்துக்கு முன்ன நானும் அப்பிடித்தேன்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். "அது அவுக பேருல்ல வருது."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்த பரோட்டா மாஸ்டர் அவள் புருஷன் பெயரைப் போட்டு உடைத்தார். வெளிச்சம் இல்லாததற்குத் தமிழில் எல்லோரும் சொல்லும் அந்தச் சொல்லோடு 'அப்பன்' சேர்ந்தால் என்ன வருமோ, அதுதான் பெயர். தெற்கே ஊருக்கு நாலு பேர் வைத்திருக்கும் சாமி பெயர். "சும்மா கிடய்யா" என்று சீனியம்மாள் அவரை அடக்கினாள். அவள் முகம் சிவந்திருந்தது.

எனக்கு எரிச்சலாக வந்தது. புருஷன் பெயரைச் சொல்லாத பெண்களை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் தலைமுறையில் அது கேலிக்கூத்து. என் முன்னாள் கணவரை நான் சிதம்பரம் என்றுதான் கூப்பிடுவேன், கோபம் வந்தால் முன்னால் ஒரு 'டேய்' சேரும், கோர்ட்டில்கூட அப்படிச் சேர்ந்துபோய் நீதிபதி முறைத்தார். ஒரு பெண் புருஷன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டதற்கு என் அக்கா தலையில் முக்காடு போட வேண்டுமா?

"அந்தச் சொல்லை எங்கேருந்து பிடிச்சீங்க?" என்றேன்.

"கல்யாணமாகி வந்த புதுசு. வெளக்கு வைக்கிற நேரம், மாமியா உள்ள இருந்து 'வெளிய என்னடி ஆச்சு'ன்னு கேட்டுச்சு. அந்தப் பேரச் சொல்ல முடியாதுல்ல? வாய்க்கு வந்ததச் சொன்னேன். ஊந்தல் கட்டிருச்சு அத்தைன்னு வந்துச்சு. அவுக வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்துருக்காக. அப்பிடி ஒரு சிரிப்பு. அன்னிலருந்து எங்க ரெண்டு பேருக்கும் அதுதேன். 'ஊந்தலுக்கு வந்துருவேன்'னு சொல்லிட்டுத்தேன் லாரி எடுப்பாக."

"தண்ணி லாரியா?"

"ஆமா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவளே தொடர்ந்தாள். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். தொப்பி மாட்டிய முகாமுக்கு அவள் வந்தபோது அவர் போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. விளக்கை அணைத்துவிட்டு, இதற்கு உங்கள் ஊரில் என்னம்மா சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "ஆளே போயாச்சு, பேரச் சொன்னா என்னன்னு நெனச்சேன். வாய் வரல. ஊந்தல்னே சொன்னேன்" என்றாள்.

பிறகு மாஸ்டருக்குக் கேட்காதபடி என் பக்கம் குனிந்தாள். "பயந்துறாதீகம்மா. செத்த பெறகும் அவுக வந்துக்கிட்டுத்தேன் இருந்தாக. ஊந்தல் கட்டுற நேரத்துக்கு டீசல் வாசம் வரும். வாசல்ல ஒரு செருமல். சொம்புல தண்ணி வச்சிருப்பேன். அவ்வளவுதேன், வேற ஒண்ணும் இல்ல. வெளக்கப் போட்டதும் போயிருவாக. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. அந்தத் தொப்பிய மாட்டுன அன்னையோட வரத்து நின்னுருச்சு."



அக்காவைப் பற்றிச் சொன்னேன். கரூர்ப் பெண், சேலத்து இன்ஸ்பெக்டர், ஓசூரில் ரோட்டில் போய் நின்றவர், எல்லாவற்றையும் சொன்னேன். சீனியம்மாள் அழுவாள் அல்லது சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்கக்கா தண்ணி வச்சாகளா?"

"வச்சா."

"சொம்புலயா?"

"சொம்புலதான்."

"நல்லது. குடிச்சிருப்பாக." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க போனாகன்னு தெரியாமத்தேன் தவிச்சுக் கெடந்தேன். பாவம், லாரியும் இல்லாம ஊரு ஊரா அலையிறாக. அந்தச் சொல்ல எடுத்துருங்கம்மா. எடுத்துட்டா வழி தெரிஞ்சு வீட்டுக்கு வந்துருவாக. எடுத்ததும் எனக்கு ஒரு போன் போடுங்க."

அவள் கொடுத்த எண்ணைப் பதிந்துகொண்டு கிளம்பினேன்.

அக்காவிடம் நான் எதையும் மறைப்பதில்லை. அடுத்த நாள் பகலில், நல்ல வெயில் நேரம் பார்த்து உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். அவள் தலையில் பிச்சிப்பூ இருந்தது. பூக்காரியை வாசலில் நிறுத்தி அக்கா பூ வாங்கி நான் பார்த்ததில்லை. இந்த ஒரு வாரமாக வாங்குகிறாள்.

"எடுக்காதட்டி" என்றது ஒலிப்பான்.

"அக்கா, அது உன்னோட ஆள் இல்ல."

"எனக்குத் தெரியாதா? பகல்ல எல்லாம் தெரியுது. அது யாரோ ஒருத்தி புருஷன். எனக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." அக்கா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம அப்பா வரும்போது செருமுவாவ, அம்மா எந்திரிப்பா. சிதம்பரம் வரும்போது நீ எந்திரிக்க மாட்ட, ஆனா உன் மூஞ்சி மாறும். எனக்குன்னு ஒருத்தரும் வாசல்ல வந்து செருமுனது இல்லட்டி. நான் அதுக்கு ஏங்கினேன்னு நினைக்காத. ஏங்கவே இல்ல. இப்ப வந்த பிறகுதான் தெரியுது, அது இவ்வளவு நல்லா இருக்குன்னு."

"சாயங்காலமானா என்னை யாருன்னு கேக்கியே அக்கா."

"கேட்டா என்ன? ஒரு மணி நேரம் உன்னத் தெரியாட்டா குடிமுழுகிப் போயிருமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். புருஷன் வேண்டாம் என்று நான் பெட்டியோடு வந்து நின்றபோது, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தவள் அவள். அவளிடம் தோற்றுப்போக நான் தயாராகவே இருந்தேன். அந்தப் பிற்பகல் வானம் மூடிக்கொண்டு மழை வந்திராவிட்டால் தோற்றும் இருப்பேன். மூணு மணிக்கே வீடு மங்கியது. அக்கா பேச்சை நிறுத்தி எழுந்தாள், முந்தானையைத் தலைக்கு இழுத்தாள், கதவுப் பக்கம் நடந்தாள். நடுவில் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்க யாரு? அவுக வர்ற நேரம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள்.

நான் குடையைக்கூட எடுக்காமல் ஆபீசுக்கு ஓடினேன்.

நீக்கும் முன் அந்தச் சொல்லை ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. கேட்காமல் கொன்றுவிட்டு, அய்யோ நல்ல சொல்லாயிற்றே என்று பிறகு தலையில் அடித்துக்கொண்ட கதைகள் நிறைய. சோதனைப் பொட்டைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால், அந்தச் சொல்லின் தடம் ஒரே ஒருமுறை உள்ளே ஓடும். ஜெபசிங் வேண்டாம் என்றார்.

"ஒரு தடவைதானே. எனக்கு மூளை நல்லாத்தான் இருக்கு, பள்ளம் விழாது" என்றேன்.

"ஒங்க இஷ்டம் யக்கா" என்று பொத்தானை அழுத்தினார்.

பெரிதாக ஒன்றும் இல்லை. தொண்டையில் மண்ணெண்ணெய் விளக்கின் கரிவாடை, கால் விரலில் சாணி மெழுகிய தரையின் ஈரம். பிறகு டீசல் வாசம் வந்தது. லாரியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள். பயமே இல்லை. பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த மாதிரி நெஞ்சு லேசாக இருந்தது. அவ்வளவுதான், முடிந்தது. நான் பொட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நீக்கு என்பதை அழுத்தினேன். தமிழ்நாடு முழுக்க இருக்கும் பொட்டுகளிலிருந்து விடிவதற்குள் அந்தச் சொல் போய்விட்டது.

அக்கா காலையில் எழுந்து முதல் வேலையாகப் பிச்சிப்பூவை எடுத்துக் குப்பையில் போட்டாள். கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. பொட்டு இருக்கும்போது பேசாமலிருப்பது முழுக்க முழுக்க அவள் முடிவு என்பதால் எனக்கு அது பழைய மௌனத்தைவிட வலித்தது. பிறகு ஒருநாள், சாம்பாரில் உப்பில்லை என்று கத்தினாள். எனக்குக் கோயிலுக்குப் போய் வந்தது போல இருந்தது. கரூர்ப் பெண் கல்லூரிக்குத் திரும்பினாள். சேலத்து இன்ஸ்பெக்டர் மீசையை முறுக்கிக்கொண்டு, தனக்கு அப்படியெல்லாம் எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். திருமலைக்கொழுந்து ஐயா ஒரு வாய் விதியைத் தானே ரத்து செய்தார், அன்றைக்கு அவர் மதியம் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

சீனியம்மாளுக்குப் போன் போட்டு, எடுத்தாயிற்று என்று சொன்னேன். "நல்லா இருப்பீக" என்றாள்.

அதோடு கதை முடிந்தது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முந்தாநாள், எழுதிய மட்டும் படித்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சொற்களே பிழைப்பான எனக்கு இது இத்தனை நாள் தெரியாமல் போனது விந்தைதான். ஒளியின்மை என்று எழுதியிருக்கிறேன், வெளிச்சம் இல்லாதது என்று சுற்றி வளைத்திருக்கிறேன், வீடு மங்கியது என்றேன். தமிழில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த அந்தச் சாதாரணச் சொல்லை ஒரு இடத்திலும் எழுதவில்லை. நான் திட்டமிட்டு விட்டதல்ல. இப்போது எழுதிவிடலாம் என்று பேனாவை வைத்தால் கை கூசுகிறது. வயதில் பெரியவர் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்தது போன்ற கூச்சம்.

நேற்றுப் பொழுது இறங்கும் நேரம் நான் முன்னறையில் நின்றிருந்தேன். அக்கா சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஏட்டி வடிவு" என்று தொடங்கி அந்தச் சொல்லைச் சொன்னாள். ஒலிப்பான் தெளிவாகச் சொன்னது. அதில் என்னத்தட்டி நின்னுட்டிருக்க, லைட்டப் போடு என்றாள்.

"பேரச் சொல்லாதக்கா!" என்று நான் சீறிவிட்டேன்.

அக்கா அப்படியே நின்றாள். என் தலையைப் பார்த்தாள். நான் கையை வைத்துப் பார்த்தேன், முந்தானை தலைமேல் இருந்தது. அக்காவின் கண்ணில் பயத்தைத் தேடினேன். அங்கே இருந்தது பொறாமை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது. சீனியம்மாள்.

"அம்மா, அந்தச் சொல்ல எடுத்துட்டேன்னு சொன்னீகள்ல? எல்லார்ட்ட இருந்தும் எடுத்தாச்சாம்மா? நானும் தெனம் பாத்துக்கிட்டுத்தேன் இருக்கேன். அவுக இன்னும் வரலையே."

எல்லாரிடமிருந்தும் எடுத்துவிட்டோம் என்று சொல்ல வாயெடுத்தேன். பொட்டிலிருந்து எடுக்கலாம், அகராதியிலிருந்து எடுக்கலாம். என் தலையில் நீக்கு பொத்தான் எங்கே இருக்கிறது? அவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"கவலைப்படாதீக. ஊந்தல் கட்டுற நேரந்தான. வந்துருவாக" என்றேன்.

அந்தப் பக்கம் வடைச் சட்டியில் எண்ணெய் கொதிப்பது மட்டும் கேட்டது. தெருவில் எந்த வண்டியும் இல்லை, ஆனாலும் டீசல் வாசம் ஜன்னல் வழியாக வந்து வீட்டை நிறைத்துக்கொண்டிருந்தது. சீனியம்மாள் பேசியபோது அவள் குரலில் கோபம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"தண்ணி வச்சுட்டீகளாம்மா?"

வைத்திருந்தேன். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.